பீப்பாய்க் கணக்கு: திமிங்கில வேட்டை ஊர்களில் சில நாட்கள்

ஞாயிறு, நியூ பெட்ஃபோர்டு

பாஸ்டனிலிருந்து நியூ பெட்ஃபோர்டுக்கு ரயில் விட்டு அதிக காலமாகவில்லை. 2025 மார்ச்சில்தான் தொடங்கினார்கள். பாஸ்டனில் வேலை பார்க்கும் அக்கா மகன், "மாமா, அந்த ஊரில் மீன் வாடையைத் தவிர ஒன்றும் கிடையாது" என்று எச்சரித்துவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டான். வாடை இருக்கத்தான் செய்கிறது. பிடிக்கிற மீனின் விலைமதிப்பில் அமெரிக்கத் துறைமுகங்களிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் முதலிடம் பிடித்த ஊர் இது. ஸ்காலப் என்ற சிப்பி வகைதான் பெரும் காசு கொண்டுவருகிறது. படகுத்துறையில் வலைச் சங்கிலிகள் துருவேறிக் குவிந்து கிடக்கின்றன.

நான் வந்தது மீனுக்காக இல்லை, ஒரு நாவலுக்காக. ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்' இந்த ஊரின் தெருக்களில்தான் தொடங்குகிறது. கதைசொல்லி டிசம்பர் மாத சனிக்கிழமை இரவில் இங்கே வந்து இறங்கி, நான்டக்கெட் தீவுக்குப் போகும் படகைத் தவறவிட்டு, சத்திரம் தேடி அலைவான். மெல்விலும் இப்படி வந்தவர்தான். 1841 ஜனவரி 3 அன்று, தம் 21-ஆம் வயதில், எதிர்க்கரையான ஃபேர்ஹேவனிலிருந்து 'அகுஷ்நெட்' என்ற புதுக் கப்பலில் புறப்பட்டார். திமிங்கில வேட்டைக் கப்பல்தான் தமக்கு யேல் கல்லூரியும் ஹார்வர்டும் என்று பின்னால் எழுதினார். அவருடைய கல்விக்கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம். கூட்டுறவு வங்கியில் தணிக்கை பார்த்தே தலை நரைத்தவனுக்குக் கதையைவிடக் கணக்குதான் முதலில் கண்ணில் படும்.

இரவு ஒரு போர்த்துக்கீசியக் கடையில் கீரை சூப்பும் இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டோம். அசோர்ஸ் தீவுகளிலும் கேப் வெர்டேயிலும் திமிங்கிலக் கப்பல்கள் ஆள் எடுத்த காலத்தில் வந்தவர்களின் சந்ததியினர் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

திங்கள், ஜானி கேக் ஹில்

திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே எலும்புக்கூடுகள். நீலத் திமிங்கிலம் ஒன்று, 66 அடி. 1998-இல் கப்பல் மோதி இறந்த குட்டி அது. முழு வளர்ச்சி அடைந்திருந்தால் இந்தக் கூடத்தில் அடங்கியிருக்காது. இறந்து இத்தனை காலம் ஆன பிறகும் எலும்பிலிருந்து எண்ணெய் கசிகிறது. அதை ஒரு குழாய் வழியாக இறக்கிக் கண்ணாடிக் குடுவையில் பிடிக்கிறார்கள். பழுப்பு நிறத்தில் பாகு பதத்தில் இருக்கிறது. பக்கத்தில் நார்த் அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் ஒன்று. அதுவும் கப்பல் மோதி 2004-இல் இறந்தது. வயிற்றில் இருந்த குட்டியின் எலும்புக்கூட்டையும் தாயோடு சேர்த்தே தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் கீழே நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த எண்ணெய்தான் ஊரின் கதை. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் இருக்கும் மெழுகு போன்ற பொருளிலிருந்து புகையாத மெழுகுவர்த்தி செய்தார்கள். உடல் கொழுப்பை உருக்கிய எண்ணெய் தெருவிளக்குக்கும் கலங்கரை விளக்குக்கும் இயந்திரங்களுக்கும் போனது. 1857-இல் இந்த ஒரு துறைமுகத்துக்கு மட்டும் 329 வேட்டைக் கப்பல்கள்; அவற்றில் 10,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். 'ஒளியைப் பரப்புகிறேன்' என்பது நகர முத்திரையில் உள்ள லத்தீன் வாசகம். இரண்டே ஆண்டில், 1859-இல், பென்சில்வேனியாவில் பூமியைத் துளைத்துப் பெட்ரோலியம் எடுத்துவிட்டார்கள்.

'லகோடா' என்ற கப்பலின் பாதி அளவு மாதிரியை ஒரு கூடம் முழுக்க நிறுத்தியிருக்கிறார்கள். பாதி அளவே 89 அடி. பிள்ளைகள் அதில் ஏறிச் சுக்கானைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கப்பல் நாட்குறிப்புகள் இருந்த பக்கம் போய்விட்டேன். உலகிலேயே பெரிய தொகுப்பாம், இரண்டாயிரத்துக்கும் மேல். ஒரு பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி, காற்றின் திசை, பாய்களின் நிலை என்று எல்லாம் ஒழுங்கான கையெழுத்தில். ஓரத்தில் மரத்திலோ எலும்பிலோ செதுக்கிய முத்திரையால் குத்திய சின்னத் திமிங்கிலங்கள். திமிங்கிலம் பிடிபட்டால் முழு உருவம். அதன் வயிற்றில் விட்ட வெற்றிடத்தில் எத்தனை பீப்பாய் எண்ணெய் என்று எண். தப்பிவிட்டால் வாலை மட்டும் குத்துவார்கள். வரவு முழு மீன், நட்டம் வால். இவ்வளவு அழகான பேரேட்டை நான் பார்த்ததில்லை. அன்றைய காற்றையும் பனிக்கட்டியையும் பற்றிய அந்தக் குறிப்புகளை இப்போது பருவநிலை ஆய்வாளர்கள் எடுத்து வாசிக்கிறார்கள்.

அம்பர் கட்டியைப் பற்றியும் ஒரு விளக்கம் இருந்தது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் சரக்கு. நம் ஊர்ச் செய்தித்தாள்களில் 'திமிங்கில வாந்தி பறிமுதல்' என்று தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அடிக்கடி வருகிறதே, அதுதான். மெல்வில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். சீக்குப் பிடித்த திமிங்கிலத்தின் குடலில் கிடப்பதைச் சீமாட்டிகள் வாசனைக்குப் பூசிக்கொள்கிறார்கள் என்று அதில் அவருக்கு ஒரே சிரிப்பு.

செவ்வாய், தேவாலயமும் எதிர்க்கரையும்

அருங்காட்சியகத்துக்கு எதிரே மாலுமிகளின் தேவாலயம், 1832-இல் கட்டியது. நாவலில் பாதிரியார் கப்பலின் அணியம், அதாவது முன்முனை, போன்ற பிரசங்க மேடையில் கயிற்றேணி வழியாக ஏறுவார். அப்படி ஒரு மேடை இங்கே எந்நாளும் இருந்ததில்லை, மெல்விலின் கற்பனை. 1956-இல் திரைப்படம் வந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "மேடை எங்கே?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் 1961-இல் அணியம் வடிவத்தில் ஒன்றைச் செய்து வைத்துவிட்டார்கள். கயிற்றேணி மட்டும் இல்லை. மருமகனுக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கு என்னவோ, நாவல் ஊரையே திருத்தி எழுத வைத்தது பிடித்திருந்தது.

சுவரில் இருப்பவை கற்பனை இல்லை. கடலில் போனவர்களுக்கான சலவைக்கல் பலகைகள், முப்பதுக்கு மேல் இருக்கும். கல்லறை கிடையாது, உடல் கிடைக்காததால் பெயரை மட்டும் சுவரில் பதித்திருக்கிறார்கள். வில்லியம் ஸ்வெயின் என்ற கேப்டனின் பலகை: திமிங்கிலத்தில் ஈட்டி பாய்ந்த பிறகு, கயிறு அவரைப் படகிலிருந்து இழுத்துக்கொண்டு போய் மூழ்கடித்தது. 1844 மே 19. வயது 49 நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கயிறு எப்படி ஓடும் என்பதை நேற்று வேட்டைப் படகைப் பார்த்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். ஒரு படகில் ஆறு பேர். தொட்டிக்குள் வளையம் வளையமாகச் சுருட்டிய கயிறு, பின்பக்கத்து மரக்குற்றியை ஒரு சுற்றுச் சுற்றி, படகோட்டிகள் எல்லாருக்கும் நடுவே முன்னோக்கிப் போய், அணியத்தின் பள்ளத்தில் வெளியேறும். ஈட்டி பட்டதும் திமிங்கிலம் பாய்ந்து கீழே போகும். அந்த வேகத்தில் மரக்குற்றி புகையும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சுருளில் ஒரு சிக்கல் விழுந்தால் கையோ காலோ ஆளோ அதோடு போக வேண்டியதுதான். ஆறு பேரும் அந்தக் கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், தப்பித்து ஒதுங்க இடம் கிடையாது.

இந்த வேலைக்குக் கூலி கிடையாது, பங்குதான். நம் கரையில் விசைப்படகுக்காரர்கள் மீன் விற்ற காசில் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்பதைப்போல. ஆனால் பங்கின் அளவைப் பாருங்கள். கேப்டனுக்குப் பதினைந்தில் ஒன்று என்கிற கணக்கில் வரும். மெல்விலுக்கு எழுதியது 175-இல் ஒரு பங்கு. நாவலில் இதை வைத்து அருமையான காட்சி ஒன்று உண்டு: முதலாளிகளில் ஒருவர் பைபிளை வாசித்தபடியே, 'பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்து வைக்க வேண்டாம்' என்று முணுமுணுத்துக்கொண்டே, கதைசொல்லிக்கு 777-இல் ஒரு பங்கு போதும் என்பார். பேரம் முடிந்து 300-இல் ஒன்று கிடைக்கும். ஈட்டி எறிவதில் கெட்டிக்காரனான தீவுவாசி க்வீக்வெக்குக்கு 90-இல் ஒன்று.

மருமகன் கைப்பேசியை எடுத்தான். செலவு போக ஒரு பயணத்தில் 50,000 டாலர் நின்றதாக வைத்துக்கொள்வோம். 175-ஆல் வகுத்தால் 285 டாலர் சொச்சம். பயணம் நான்கு ஆண்டு. நாளுக்கு 20 சென்ட்கூட வரவில்லை. அதிலும் கப்பலிலேயே இருக்கும் பெட்டிக்கடையில் கடனுக்கு வாங்கிய சட்டை, புகையிலை, சப்பாத்து எல்லாம் கழிப்பார்கள். கரை இறங்கும்போது முதலாளிக்குக் கடன்பட்டு இறங்கியவர்களும் உண்டு. ஆட்கள் ஏன் தீவுக்குத் தீவு கப்பலைவிட்டு ஓடினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த ஒரு வகுத்தல் போதும்.

மாலையில் பாலம் தாண்டி ஃபேர்ஹேவன். இங்கே செர்ரி தெருவில் வில்லியம் விட்ஃபீல்டு என்ற கேப்டனின் வீடு இருக்கிறது. 1841-இல் 'ஜான் ஹௌலண்ட்' கப்பலின் தலைவராக இருந்தபோது, ஜப்பானுக்குத் தெற்கே ஒரு பாறைத் தீவில் ஒதுங்கிக் கிடந்த ஐந்து மீனவர்களை மீட்டார். அவர்களில் இளையவன் மஞ்சிரோ, 14 வயது. மற்ற நால்வரையும் ஹவாயில் இறக்கிவிட்டுப் பையனைத் தம்மோடு அழைத்து வந்துவிட்டார். தேவாலயத்தில் பையனைத் தம் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடாது, கறுப்பர்களுக்கான இருக்கைக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். கேப்டன் சண்டை போடவில்லை, தேவாலயத்தை மாற்றிக்கொண்டார்.

மஞ்சிரோ இங்கே ஆங்கிலமும் கப்பல் திசைக் கணிதமும் பீப்பாய் செய்யும் தொழிலும் கற்றான். திமிங்கிலக் கப்பலில் போனான், கலிபோர்னியாவில் தங்கம் வெட்டினான், அந்தக் காசில் ஒரு படகு வாங்கி 1851-இல் ஒகினாவாவில் கரையேறினான். நாட்டைவிட்டுப் போனவர் திரும்பினால் மரண தண்டனை என்று சட்டம் இருந்த காலம். மாதக்கணக்கில் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் தேவைப்பட்டிருக்கிறார். பௌடிச்சின் கடற்பயணக் கணித நூலை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர் இந்த மீனவர்தான்.

பாலத்தில் திரும்பும்போது லூயிஸ் டெம்பிளையும் ஃப்ரெடெரிக் டக்ளஸையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். டெம்பிள் கறுப்பினக் கொல்லர். சதைக்குள் போனதும் திரும்பிக்கொள்ளும் ஈட்டி முனையை 1848-இல் வடித்தார். காப்புரிமை எடுக்கவில்லை, ஊர் முழுக்க அதை அடித்து விற்றது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி 1838-இல் இங்கே வந்த டக்ளஸ், கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கிற கலப்பத்துத் தொழில் தெரிந்தவர். வெள்ளைத் தொழிலாளர்கள் அவரோடு வேலை செய்ய மறுத்ததால் விறகு பிளந்து, மூட்டை தூக்கிப் பிழைத்தார்.

புதன், நான்டக்கெட்

படகு இரண்டு மணி நேரம். விடுதி வாடகையை விசாரித்த வேகத்தில் மாலைப் படகுக்கே திரும்பு டிக்கெட் எடுத்துவிட்டோம். சாம்பல் நிற மர ஓட்டு வீடுகள், கூழாங்கல் தெரு, எங்கு பார்த்தாலும் ஹைட்ரேஞ்சியா. ஒரு காலத்தில் உலகத் திமிங்கில எண்ணெயின் தலைநகரம் இது. துறைமுக வாயில் மணல்திட்டில் பெரிய கப்பல்கள் தட்டத் தொடங்கின, 1846-இல் பெருந்தீ, வியாபாரம் ஆழமான துறைமுகம் இருந்த நியூ பெட்ஃபோர்டுக்குப் போய்விட்டது.

தீக்குப் பிறகு கட்டிய மெழுகுவர்த்தித் தொழிற்சாலைதான் இப்போது அருங்காட்சியகம். நான் தேடி வந்தது 'எசெக்ஸ்' கப்பலை. 1819 ஆகஸ்டில் இங்கிருந்து போனது. 1820 நவம்பர் 20, பசிபிக் நடுவே, 85 அடி நீளமுள்ளதென்று அவர்களே மதிப்பிட்ட ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று கப்பலை மோதியது. திரும்பி வந்து இன்னொரு முறை மோதியது. இருபது பேர், மூன்று சிறு படகுகள்.

காற்று மேற்கே போகத் தோதாக இருந்தது. மார்க்கேசஸ் தீவுகள் எட்டும் தொலைவுதான். அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருக்கிறார்கள் என்று பயந்து, எதிர்த் திசையில் தென்னமெரிக்காவுக்கு ஆயிரக்கணக்கான மைல் சுற்றிப்போக முடிவு செய்தார்கள். மூன்று மாதம் கடலில். ரொட்டி தீர்ந்தது. இறந்தவர்களைத் தின்றார்கள். பிறகு கேப்டன் ஜார்ஜ் பொலார்டின் படகில் யாரைக் கொன்று தின்பது என்று சீட்டுப் போட்டார்கள். விழுந்தது அவருடைய உறவுக்காரப் பையன் ஓவன் காஃபின் பெயருக்கு. சுடும் சீட்டு விழுந்தவன் அவனுடைய சிநேகிதன் சார்லஸ் ராம்ஸ்டெல். கடைசியில் தப்பியவர் எட்டுப் பேர், அதில் மூவர் வழியில் ஒரு வெறுந்தீவில் தங்கிவிட்டவர்கள். கறுப்பின மாலுமிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இந்தக் கடைசி வரியைக் காட்சிப் பலகைகள் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கின்றன என்று எனக்குத் தோன்றியது.

இருபது ஆண்டு கழித்து மெல்வில் அதே மார்க்கேசஸில் கப்பலைவிட்டு ஓடி, நரமாமிசம் தின்பவர்கள் என்று பெயர் வாங்கிய டைப்பீ மக்களோடு தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, ஆளாகத் திரும்பி வந்தார். அதை வைத்து 1846-இல் முதல் புத்தகம் எழுதினார். தங்கியது நான்கு வாரம். புத்தகத்தில் நான்கு மாதம். தணிக்கைக்காரனாக நான் ஆட்சேபக் குறிப்பு எழுதவேண்டிய இடம் இது. வாசகனாக விட்டுவிடுகிறேன்.

எசெக்ஸின் தலைமைத் துணை ஓவன் சேஸ் 1821-லேயே தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மெல்வில் அகுஷ்நெட்டில் போகும்போது நடுக்கடலில் சந்தித்த இன்னொரு கப்பலில் சேஸின் மகன் இருந்தான். அவன் கொடுத்த அப்பாவின் புத்தகத்தை மெல்வில் அங்கேயே, அதே கடலில் வைத்து வாசித்தார். எசெக்ஸ் கப்பலின் சிறுவன் தாமஸ் நிக்கர்சன் முதுமையில் எழுதிய கையெழுத்துப் பிரதியோ 1960 வரை யார் கண்ணிலும் படவில்லை, 1984-இல்தான் அச்சானது. மூழ்கும்போது அவனுக்கு 15 வயது.

சென்டர் தெருவில் பொலார்டின் வீட்டு வாசலில் நின்றோம். கீழே இப்போது கடை. அவருக்கு மறுபடியும் ஒரு கப்பல் கொடுத்தார்கள். அது 1823-இல் ஹவாய்ப் பக்கம் பவளப்பாறையில் உடைந்தது. மூன்றாவது கப்பலை யாரும் தரவில்லை. ஊரில் இரவுக் காவலராக வாழ்ந்தார். நவம்பர் 20 வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு விரதம் இருப்பாராம். மோபி டிக் வெளியானது 1851-இல். நான்டக்கெட்டைப் பற்றி அத்தனை பக்கம் எழுதிய மெல்வில் அதுவரை இந்தத் தீவை மிதித்ததே இல்லை. 1852 ஜூலையில்தான் முதல்முறையாக வந்தார். பொலார்டைப் பார்த்துச் சில வார்த்தை பேசினார். தீவுக்காரர்களுக்கு இவர் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் நான் சந்தித்தவர்களிலேயே என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்த மனிதர் இவர்தான் என்ற பொருளில் பிறகு குறித்து வைத்தார்.

சேஸ் கடைசிக் காலத்தில் வீட்டுப் பரணில் உணவை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார்.

வியாழன்

மழை. துணி துவைத்தோம்.

வெள்ளி, மிஸ்டிக்

நண்பரின் காரை வாங்கிக்கொண்டு கனெக்டிகட்டின் மிஸ்டிக் ஊருக்கு வந்தோம். 'சார்ல்ஸ் டபிள்யூ. மோர்கன்' இங்கே மிதக்கிறது. மெல்வில் புறப்பட்ட அதே 1841-இல் நியூ பெட்ஃபோர்டில் நீரில் இறக்கிய கப்பல். எண்பது ஆண்டு, 37 பயணம், 1,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள். மரத்தில் கட்டிய அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

தளத்தின் நடுவில் செங்கல் அடுப்பும் இரண்டு பெரிய கொப்பரைகளும். கொழுப்பை இதில் உருக்கி, வடித்த சக்கையையே விறகாகப் போட்டு எரிப்பார்கள். மரக்கப்பலின் மேல் இரவும் பகலும் நெருப்பு. அடுப்புக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் காவல். அதற்குக் கீழ்த்தளம் கொழுப்பு வெட்டுகிற இடம். நான் உயரமானவன் இல்லை, எனக்கே குனிந்துதான் நடக்க முடிந்தது. வழுக்கும் கொழுப்பில், ஆடும் கப்பலில், கூர்மையான வெட்டுமண்வெட்டியோடு வேலை. கால்விரல் இல்லாத மாலுமிகளைப் பற்றி மெல்வில் எழுதியதில் மிகை எதுவும் இருக்காது.

அணியத்தில் மாலுமிகளின் அறை முக்கோணமாக ஒடுங்குகிறது. இரண்டு அடுக்குப் படுக்கைகள்; ஒன்றில் படுத்துப் பார்க்க மருமகன் ஆசைப்பட்டான், முழங்காலை மடக்காமல் முடியவில்லை. பின்பக்கம் கேப்டனின் அறையில் கட்டில் ஒன்று, கப்பல் சாய்ந்தாலும் தான் சாயாதபடி தொங்கவிட்டது. 1860-களில் ஒரு கேப்டன் கூடவே வந்த மனைவிக்காகச் செய்து போட்டாராம். முன்னால் இருபது பேருக்கு மேல் வேர்த்துக் கிடக்கிற அறைக்கும் இதற்கும் இடையே நடந்தால் சில நொடிதான்.

2014-இல் பழுது பார்த்து இந்தக் கப்பலை 38-ஆவது பயணமாகக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். மாசச்சூசெட்ஸ் கரையோரம் திமிங்கிலங்கள் கூடும் ஸ்டெல்வேகன் திட்டுவரை போய், வேட்டைப் படகையும் இறக்கினார்கள். இந்த முறை ஈட்டி இல்லை.

திரும்பும் வழியில் மருமகன் கேட்டான்: "மாமா, மோபி டிக் புத்தகத்தால் மெல்விலுக்கு என்னதான் கிடைத்தது?"

அதற்கும் கணக்கு இருக்கிறது. லண்டன் பதிப்பு முதலில், 1851 அக்டோபரில் மூன்று தொகுதிகளாக வந்தது, 500 பிரதி. அதில் பின்னுரை விட்டுப்போனதால், எல்லாரும் செத்துவிட்டால் கதையைச் சொல்வது யார் என்று விமரிசகர்கள் கிண்டலடித்தார்கள். அமெரிக்கப் பதிப்பு அவர் வாழ்நாளில் விற்றது 3,200 பிரதிக்குச் சற்று மேல். 1853-இல் பதிப்பகத்தில் தீப்பிடித்து மிச்சப் பிரதிகள் எரிந்தன. அந்தப் பதிப்பால் வாழ்நாள் முழுக்க வந்த வருமானம் 556 டாலர் சொச்சம். 1866-இல் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராகச் சேர்ந்தார். நாளுக்கு 4 டாலர் சம்பளம். 19 ஆண்டு அந்த வேலையில் இருந்தார்.

மருமகன் வண்டி ஓட்டியபடியே மனத்துக்குள் வகுத்துவிட்டான். "139 நாள் சம்பளம்."

"பெட்டிக்கடைக் கடன் பிடித்தம் இல்லாமல்" என்றேன்.